சர்க்கரை நோட்டு யார் கையில்? நாள்பட்ட நோயை வீடே சேர்ந்து கவனிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

என் அப்பச்சியின் (எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) சர்க்கரை நோட்டு ஆறு மாதம் அவ்வளவு அழகாக இருந்தது. 112, 118, 109, 121. பொங்கலுக்கு மறுநாள்கூட 115. நான் சென்னையிலிருந்து ஞாயிறுதோறும் வீடியோ காலில் அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லிப் பார்ப்பேன். மனசுக்கு நிறைவாக இருக்கும். அப்புறம் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை எடுத்தோம். 10.2 என்று வந்தது. அப்படியென்றால் சராசரி கிட்டத்தட்ட 245.

லேப் மேலேதான் முதலில் சந்தேகப்பட்டேன். அடுத்த வாரம் காரைக்குடிப் பக்கத்து எங்கள் கிராமத்துக்கு வந்ததும் குளுக்கோமீட்டரை எடுத்து மெமரி பட்டனை அழுத்திப் பார்த்தேன். 238, 261, 229. நடுவில் மூன்று வாரம் ஒன்றுமே இல்லை. நோட்டில் அந்த மூன்று வாரமும் 110-ஐச் சுற்றியே ஓடியிருந்தது.

அப்பச்சி முப்பது வருஷம் கணக்குப் பார்த்தவர். ஐந்தொகையில், அதாவது முடிவுக் கணக்கில், பத்து பைசா உதைத்தால் ராத்திரி தூங்க மாட்டார். அவரா இப்படி?

"ஏன் அப்பச்சி?"

"உண்மையை எழுதுனா நீ அரை மணி நேரம் திட்டுற. இப்படி எழுதுனா பேரன் பள்ளிக்கூடத்துல என்ன பண்ணான்னு சொல்ற."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு எதுவானாலும் சரி, நோயாளி டாக்டர் முன் உட்காருவது மாதத்தில் பத்து நிமிஷம். மிச்ச நேரமெல்லாம் வீட்டில்தான். அந்த வீட்டில் உண்மையைச் சொன்னால் திட்டு விழும் என்றால் கணக்கு பொய்யாகும். பொய்க் கணக்கைப் பார்த்து எந்த டாக்டரும் சரியான மருந்து எழுத முடியாது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் மாற்றியவற்றையும், கேட்டவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்தவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: திட்டுவதை நிறுத்துங்கள்

இதைச் செய்யாமல் கீழே உள்ள எதையும் தொடங்காதீர்கள். நோட்டில் எந்த எண் வந்தாலும் குரல் உயராது என்று வீட்டில் எல்லோரும், முக்கியமாக வெளியூரில் இருக்கும் பிள்ளைகள், வாய்விட்டு ஒப்புக்கொள்ள வேண்டும்.

கேள்வியையும் மாற்றுங்கள். "ஏன் 240?" என்றால் அது விசாரணை. "நேத்து என்ன வித்தியாசமா இருந்துச்சு?" என்றால் பதில் வரும். கல்யாண வீடு, தூக்கம் இல்லை, மாத்திரை தீர்ந்துவிட்டது, முட்டி வலிக்கு ஊசி போட்டது என்று ஏதாவது ஒன்று இருக்கும். எங்கள் வீட்டில் வந்த பதில், மாத்திரை வயிற்றைக் கலக்குகிறது என்பதால் வாரத்தில் மூன்று நாள் போடுவதே இல்லை என்பது. மெட்ஃபார்மின் என்ற அந்தச் சர்க்கரை மாத்திரை ஆரம்பத்தில் சிலருக்கு அப்படிச் செய்யும். சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்ட உடனே போட்டால் குறையும், டாக்டர் வேறு வகைக்கும் மாற்றித் தருவார். இவ்வளவு சின்ன விஷயம் ஆறு மாதம் வெளியே வரவில்லை.

படி 2: யார் குடும்பம் என்று எழுதுங்கள்

நம் செட்டிநாட்டுப் பக்கத்து வீடுகளின் நிலைமை தெரிந்ததுதான். முகப்பு, வளவு (நடு முற்றம்), இரண்டாங்கட்டு என்று தெருவுக்குத் தெரு நீளும் வீடு. உள்ளே எழுபதைத் தாண்டிய இரண்டு பேர். பிள்ளைகள் சென்னை, பெங்களூரு, சிங்கப்பூர். வருஷத்துக்கு இரண்டு தடவை, கோயில் காரியத்துக்கும் கல்யாணத்துக்கும்தான் வளவு நிறையும். அதனால் குடும்பம் என்றால் ரத்த சம்பந்தம் மட்டும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கைக்கெட்டும் தூரத்தில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்.

எங்கள் பட்டியலில் ஏழு பேர்: அப்பச்சி, ஆத்தா (அம்மா), நான், சிங்கப்பூர் அண்ணன், சமையலுக்கு வரும் அக்கா, எதிர்வீட்டு ஆச்சி, மருந்துக்கடைத் தம்பி. ஆளுக்கு ஒரு வேலை, ஒரே வேலை. மருந்து இருப்பைப் பார்ப்பது நான். மெடிக்கல் பில், இன்சூரன்ஸ் அண்ணன். எதிர்வீட்டு ஆச்சியிடம் வீட்டுச் சாவி. எண்ணும் எழுத்தும் அப்பச்சி மட்டும். அவர் பேனாவை வேறு யாரும் தொடக்கூடாது.

சமையல் அக்காவை விட்டுவிட்டுப் பத்தியம் பேசுகிற வீடுகளைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். உப்பும் எண்ணெயும் அவர் கையில் இருக்கிறது, ஆலோசனைக் கூட்டமோ வாட்ஸ்அப்பில் நடக்கிறது.

படி 3: டாக்டரிடம் போகும் முன்பே வேலையை முடியுங்கள்

முதல் நாள் ராத்திரி ஒரு மஞ்சள் பையை எடுத்து வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும் அதில் போடுங்கள். எல்லாம் என்றால் எல்லாம்: போன வருஷத்து மாத்திரை, சொந்தக்காரர் மலேசியாவிலிருந்து கொண்டுவந்த டப்பா, சூரணம், லேகியம், மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் வாங்கிய முட்டிவலி மாத்திரை. கடைசியாகச் சொன்னதுதான் பெரிய வில்லன். டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளைத் தொடர்ந்து போட்டால் ரத்த அழுத்தம் ஏறும், சிறுநீரகம் கெடும். சர்க்கரையும் பிரஷரும் உள்ளவருக்கு இரட்டை ஆபத்து. டாக்டரிடம் யாரும் இதைச் சொல்வதில்லை, ஏனென்றால் அதை யாரும் மருந்தாகவே எண்ணுவதில்லை.

நோட்டில் மூன்று கேள்வி எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு இப்போது முக்கியமான பிரச்சினை என்ன? அதற்கு நான் என்ன செய்ய வேண்டும்? அதை ஏன் செய்ய வேண்டும்?

கூட ஒருவர் போனால் போதும். போகிறவர் முதல் ஐந்து நிமிஷம் வாயைத் திறக்கக் கூடாது. "எப்படி இருக்கீங்க அய்யா?" என்று டாக்டர் கேட்க, "ஸ்வீட்டே விடமாட்டேங்கிறாரு டாக்டர்" என்று மகள் பதில் சொன்னால் (நான்தான் அந்த மகள்) அப்புறம் நோயாளி சுவரைத்தான் பார்ப்பார்.

எழுந்து வருவதற்கு முன் நோயாளியே ஒரு முறை திருப்பிச் சொல்லட்டும்: "நான் புரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன், சரியான்னு பாருங்க. காலைல இது சாப்பாட்டுக்கு முன்னாடி, இது சாப்பிட்ட பிறகு, ராத்திரி மாத்திரை பாதி." பாதிப் பேர் இந்த இடத்தில் தடுமாறுவார்கள். அங்கேயே தடுமாறுவது நல்லது.

படி 4: சிட்டை, பேரேடு, ஐந்தொகை

தினமும் குறிக்கும் எண் சிட்டை, அதாவது அன்றாடக் குறிப்பு. வாரத்துக்கு ஒரு முறை அதை ஒரே பக்கத்துக்கு எடுத்து எழுதினால் பேரேடு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரும் எச்பிஏ1சி ஐந்தொகை. அப்பச்சிக்கு இப்படிச் சொன்ன அன்றுதான் அவர் முகம் மாறியது. "அப்ப சிட்டைல பொய் எழுதி ஐந்தொகைல மாட்டிக்கிட்டேன்னு சொல்லு" என்றார்.

பொதுவாகச் சொல்லும் இலக்கு: வெறும் வயிற்றில் 80 முதல் 130, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 180-க்குள், எச்பிஏ1சி 7-க்குள். ஆனால் வயதானவர்கள், இதயம் அல்லது சிறுநீரகம் பாதித்தவர்கள், சர்க்கரை திடீரென்று தாழ்ந்து போகிறவர்கள் ஆகியோருக்கு டாக்டர் இலக்கைத் தளர்த்தித் தருவார். பக்கத்து வீட்டுக்காரர் இலக்கை உங்கள் நோட்டில் எழுதாதீர்கள்.

விரலைக் குத்துவதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். வெல்லப் பாகு பட்ட விரலில் குத்தினால் மீட்டர் விரலில் உள்ள வெல்லத்தையும் சேர்த்து அளக்கும்.

பிரஷர் பார்ப்பதில்தான் தப்பு அதிகம். காபி குடித்தும் வெளியே போய் வந்தும் அரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, கால் இரண்டும் தரையில் படும்படி ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார வேண்டும். திண்ணையில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு பார்க்கக் கூடாது. கை நெஞ்சு உயரத்தில் மேஜைமேல் இருக்கட்டும். ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு முறை பார்த்து இரண்டையும் எழுதுங்கள். கை பெருத்தவருக்குச் சின்னப் பட்டையைச் சுற்றினால் எண் கூடுதலாகக் காட்டும்.

எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வரிக் குறிப்பும் வேண்டும். "ராத்திரி தூங்கவில்லை." "மகள் போன் செய்தாள்." அந்த ஒரு வரிதான் டாக்டருக்குக் கதை சொல்லும்.

படி 5: வாரத்துக்கு ஒரே ஒரு மாற்றம்

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கேட் லாரிக்கும் அவர் குழுவினரும் நாள்பட்ட நோயாளிகளுக்காக ஆறு வாரப் பயிற்சி ஒன்றை உருவாக்கினார்கள். அதில் எனக்குப் பிடித்தது இதுதான். நோயாளியே அந்த வாரத்துக்கு ஒரு சின்ன வேலையைத் தேர்ந்தெடுக்கிறார்: என்ன, எவ்வளவு, எப்போது, வாரத்தில் எத்தனை நாள் என்று நான்கையும் சொல்லி. அப்புறம் "இதை முடிப்பேன் என்று பத்துக்கு எத்தனை நம்பிக்கை?" என்று கேள்வி. ஏழுக்குக் கீழே வந்தால் வேலையைச் சின்னதாக்க வேண்டும்.

"தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறேன்" என்றார் அப்பச்சி. எத்தனை மார்க் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்து "மூணு" என்றார். பேரம் பேசிக் கடைசியில், சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் ஊரணியை இரண்டு சுற்று, வாரத்தில் நான்கு நாள் என்று வந்து நின்றது. அதற்கு எட்டு. ஊரணிக் கரையில் பேச ஆள் கிடைத்ததால் ஐந்தாவது நாளும் தானாகப் போனார்.

படி 6: அடுப்படி

கல்யாணமானதும் மகனை வேறு வைத்து, ஒரே வீட்டுக்குள் தனி அடுப்பு போட்டுக் கொடுப்பது நம் பக்கத்துப் பழைய வழக்கம். அது வேறு. நோய்க்காக ஒருவருக்குத் தனி அடுப்பு போடாதீர்கள். அவருக்கு மட்டும் உப்பில்லாத குழம்பு, மற்றவர்களுக்குக் கோலா உருண்டை என்றால் பத்து நாள் தாங்காது. பதினோராம் நாள் அவர் ராத்திரியில் அடுப்படிக்குப் போய் டப்பாவைத் திறப்பார். எல்லோருக்கும் ஒரே சாப்பாடு, கொஞ்சம் மாற்றி.

உப்பிலிருந்து தொடங்குங்கள், அதுதான் சுலபமாக அளக்க முடிந்தது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு டீஸ்பூனுக்குள், என்கிறது உலக சுகாதார நிறுவனம். உப்பு பாக்கெட்டைப் பிரிக்கும் நாளில் அதன்மேல் தேதி எழுதுங்கள். நான்கு பேர் வீட்டில் ஒரு கிலோ ஐம்பது நாள் வர வேண்டும். எங்கள் வீட்டில் 26 நாளில் தீர்ந்தது. இதில் ஊறுகாய், அப்பளம், வற்றல், உப்புக்கண்டம் சேரவே இல்லை. யாரையும் குறை சொல்லாமல் பாக்கெட்டைக் காட்டினேன், சமையல் அக்காவே "அளவைக் கரண்டி வாங்கிக் குடுங்க" என்றார். குறைந்த சோடியம் உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சில பிரஷர் மாத்திரை போடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

அடுத்தது சோறு. அரிசியை விரோதியாக்க வேண்டியதில்லை, அளவுதான். தட்டில் பாதி காய் என்று வைத்துக்கொண்டால் சோறு தானாகக் குறையும். வெண்டைக்காய் மண்டி, கத்தரிக்காய் கோசமல்லி, வாழைப்பூப் பொரியல் என்று காய்க்குப் பஞ்சமில்லாத சமையல் நம்முடையது. நாம் அதைத் தொட்டுக்கொள்ள வைத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான் சிக்கல்.

கவுனி அரிசி பற்றி ஒரு வார்த்தை. "கறுப்பரிசி சுகருக்கு நல்லதாமே" என்று யாராவது சொல்வார்கள். தவிடு நீக்காத அரிசி, நார்ச்சத்து உண்டு, உண்மைதான். ஆனால் நாம் அதைச் சாப்பிடுவது சர்க்கரையும் தேங்காயும் நெய்யும் போட்டு. சர்க்கரை போட்ட பிறகு அது பலகாரம்.

விருந்தை என்ன செய்வது? போகாமல் இருக்க முடியாது, இலையில் வைத்ததை வேண்டாம் என்பதும் நம் ஊரில் கஷ்டம். "ஒண்ணே ஒண்ணுண்ணே, நான் வைக்கிறேன்ல" என்று ஆச்சிமார் நிற்பார்கள். போகும் முன்பே எது வேண்டும் என்று முடிவு செய்துகொள்ளட்டும்: கந்தரப்பமா, பால்பணியாரமா, பாயசமா? ஒன்றுதான். அதை ரசித்துச் சாப்பிடட்டும். கூட உட்காருகிறவர் வேலை, இலையை எட்டிப் பார்ப்பது அல்ல. பரிமாறுகிறவரிடம் "அவுகளுக்குக் கூட்டு வைங்க" என்று முந்திக்கொள்வது.

படி 7: மருந்தும் காலும்

ஏழு நாள் டப்பா வாங்கி ஞாயிறு காலை நோயாளியே நிரப்பட்டும். கண் தெரியவில்லை என்றால் ஒருவர் பக்கத்தில் உட்காரலாம். மருந்து தீர ஒரு வாரம் இருக்கும்போதே வாங்கிவிட வேண்டும். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சர்க்கரை, பிரஷர் மாத்திரை இலவசம். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பார்த்து மாத்திரை கொடுப்பார். "அதெல்லாம் நமக்கு எதுக்கு" என்று கௌரவம் பார்க்கும் பெரிய வீடுகளுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: மாதந்தோறும் ஒரு ஆள் வந்து பார்ப்பதே பெரிய விஷயம்.

எண் நன்றாக வந்துவிட்டது என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். மாத்திரையால்தான் அந்த எண்.

விரதம் இருப்பவர்கள் முதலிலேயே டாக்டரிடம் சொல்ல வேண்டும். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை தடாலென்று இறங்கும். பிள்ளையார் நோன்பு அன்று எங்கள் சொந்தத்தில் ஒருவர் நோன்பை முடிக்கும் சடங்கான இழை எடுப்பதற்கு முன்பே மயங்கி விழுந்தார்.

பிரிக்காத இன்சுலின் குப்பி ஃபிரிட்ஜின் நடுத்தட்டில், 2 முதல் 8 டிகிரிக்குள். ஃப்ரீசரில் வைத்து உறைந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில், மின்சாரம் போன சித்திரை வெயிலில், நீர் ஊற்றிய மண்பானைக்குள் மூடிய சின்ன டப்பாவில் வைப்பது நல்ல ஏற்பாடு.

இனி கால். சர்க்கரை பல வருஷம் இருந்தால் பாதத்தில் உணர்ச்சி மங்கும். முள் குத்தினாலும் சூடு பட்டாலும் தெரியாது. தினமும் ராத்திரி ஒருவர் பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும், விரல் இடுக்கு உட்பட. எங்கள் வீட்டில் ஆத்தாவுக்கு அப்பச்சி பார்க்கிறார், அப்பச்சிக்கு ஆத்தா. தைப்பூசத்துக்குப் பழனி நடக்கிறவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள். தார் ரோட்டில் வெறுங்காலில் நாள்கணக்கில் நடை. கொப்புளம் வந்ததே தெரியாமல் நடந்து, புண் ஆழமாகி, விரல் போனவர்கள் உண்டு. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பு, மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் சோதனையைச் செய்துகொள்ளுங்கள். உணர்ச்சி குறைந்திருந்தால் வெறுங்கால் நடை வேண்டாம். எம்சிஆர் என்னும் மெத்தென்ற ரப்பர் செருப்போடு நடக்கலாமா, எவ்வளவு தூரம் என்று டாக்டரைக் கேளுங்கள். முருகன் செருப்பைப் பார்த்துக் கோபப்படுவார் என்று நான் நம்பவில்லை.

வருஷத்துக்கு ஒரு முறை கண் விழித்திரை, சிறுநீரில் புரதம், கிரியேட்டினின், கொழுப்பு. பிறந்தநாள் மாதத்தில் வைத்துக்கொண்டால் மறக்காது.

படி 8: ஃபிரிட்ஜ் கதவில் ஒரு அட்டை

பெரிய எழுத்தில், தமிழில், நான்கே விஷயம்.

வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல், அல்லது மீட்டரில் 70-க்குக் கீழே: உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரை தண்ணீரில் கரைத்துக் கொடு. 15 நிமிஷம் கழித்துத் திரும்பப் பார். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. நினைவு இல்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாதே, 108.

வாய் ஒரு பக்கம் கோணல், ஒரு கை தொங்குகிறது, பேச்சு குழறுகிறது: எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று குறி, 108. அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம். சர்க்கரையும் பார்த்துவிடு, ஏனென்றால் தாழ்ந்த சர்க்கரையும் இப்படி ஏமாற்றும்.

நெஞ்சில் அழுத்தம், மூச்சுத் திணறல்: காஸ் என்று சோடா குடிக்காதே, 108.

காலில் புண், நிறம் மாற்றம்: நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாதே.

அட்டையின் அடியில் மருந்துப் பட்டியலும், ஆம்புலன்ஸுக்குச் சொல்ல வேண்டிய வழியும்: எந்த ஊரணிக்குத் தெற்கே, எந்தக் கோயிலுக்கு எத்தனாவது வீடு. இன்னொன்று, நம் வீட்டு நிலைக்கதவு. உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டால் நான்கு பேர் சேர்ந்தாலும் அசையாது. கடைசிக் கட்டில் படுத்திருப்பவர் கூப்பிட்டால் முகப்புக்குக் கேட்காது. எனவே படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு காலிங் பெல், பின்கட்டுக் கதவு வெளியிலிருந்து சாவியால் திறக்கிற மாதிரி, சாவி எதிர்வீட்டு ஆச்சியிடம். இதற்கு ஆன செலவு ஆயிரத்தைத் தாண்டவில்லை.

அவசரமில்லாத சந்தேகங்களுக்கு 104, அரசின் மருத்துவ உதவி எண்.

படி 9: தூரத்துப் பிள்ளைகளுக்கு

அண்ணன் சிங்கப்பூர் டாக்டரைக் கேட்டு ஒன்று சொல்வான், நான் சென்னையில் ஒருவரைக் கேட்டு ஒன்று சொல்வேன், நடுவில் வாட்ஸ்அப்பில் வெந்தயம் வரும். இப்போது விதி: மருந்தை மாற்றும் பேச்சு எல்லாம் பார்க்கிற டாக்டரோடு மட்டும், பேசுவது ஒரே ஆள். போனில் முதல் பத்து நிமிஷம் நோய் பேசக் கூடாது.

அப்புறம், கவனிக்கிறவரைக் கவனிப்பது. எங்களுக்கு இது தானாகத் தோன்றவில்லை. அப்பச்சிக்குப் பிரஷர் பார்க்க வந்த தன்னார்வலர், "சும்மா நீங்களும் கையை நீட்டுங்க ஆச்சி" என்று ஆத்தாவைக் கூப்பிட்டார். 170-க்கு 100. மறுநாளும் அதே மாதிரி. அப்பச்சியின் மாத்திரையை மூன்று வருஷமாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவருக்கு ஒரு முறைகூட யாரும் பட்டை சுற்றிப் பார்த்ததில்லை. இப்போது இரண்டு நோட்டு இருக்கிறது. மாதத்தில் இரண்டு நாள் ஆத்தா தன் அக்கா வீட்டுக்குத் தேவகோட்டைக்குப் போய்விடுவார். அந்த இரண்டு நாளும் சமையல் அக்காதான் பொறுப்பு.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஐந்தொகை வந்ததும், எல்லோரும் அரை மணி நேரம் வீடியோவில் உட்காருகிறோம். எது நடந்தது, எதை விட்டுவிடலாம், அடுத்து என்ன என்று அப்பச்சிதான் பேச்சை நடத்துவார். கடைசி எச்பிஏ1சி 7.6. இந்த வயதுக்கு இது போதும் என்றார் டாக்டர்.

நோட்டு இப்போது அழகாக இல்லை. அடித்தல் திருத்தல், நீல மசி, சிவப்பு மசி. போன வாரம் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். வியாழக்கிழமைக்கு எதிரே 212. பக்கத்தில், பழைய கணக்குப்பிள்ளைக் கையெழுத்தில்: "சீயம் 2. நன்றாக இருந்தது."